முதற் கவளம்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் குழவிப் பருவத்தைப் பத்தாக வகுத்துக்கொண்டனர். மூன்றாந் திங்களிற் காப்பு, ஐந்தாந் திங்களிற் செங்கீரை, ஏழாந் திங்களில் தால், ஒன்பதாந் திங்களிற் சப்பாணி என்று தொடங்கி, முத்தம், வருகை, அம்புலி எனத் தொடர்ந்து, ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று அவை முடியும். குழவி தலையெடுத்து அசைந்தாடுதலையும், இரு கையும் சேர்த்துக் கொட்டுதலையும், தளர்நடையிட்டு வருதலையும் இத்துணை நுணுகி நோக்கிய அப்பெருமக்கள், செங்கீரைக்கும் தாலுக்கும் இடைப்பட்ட ஆறாந் திங்களில் நிகழும் ஒரு பெரு நிகழ்ச்சிக்கு வழக்கிலுள்ள இப்பத்தினுள் ஓரிடம் வைத்திலர். அதுவரை தாய்ப்பாலன்றிப் பிறிதொன்றும் அறியாத வாய் முதன்முதலாகச் சோறறியும் நிகழ்ச்சியே அது.

செய்யுள் விட்டதை உரைநடை எடுத்துக்கொள்ளலாம் என்னும் துணிவினால் இதனை எழுதுகின்றேன். கல்லூரி ஆண்டு மலரிலே, அதுவும் தமிழ்ப் பகுதியிலே, பூசணிக்காய் மசியலைப்பற்றி ஒரு மாணவன் எழுதுவதா எனப் புன்முறுவல் பூப்போர் சிலர் இருப்பர். பூத்துக்கொள்க. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் இப்பொழுதே கைக்குழந்தை உடையவர்; எஞ்சிய நம்மிற் பெரும்பாலோர் இன்னும் பத்தாண்டு செல்வதற்குள் அந்நிலையை அடைவோம். அப்பொழுது கற்றுக்கொள்வோம் என்றால், குழந்தை காத்திராது.

என் கருத்து இதுவே. குழந்தைக்கு முதலுணவாகத் தக்கவை நம் தோட்டத்திலும் சந்தையிலும் கிடைக்கும் புதிய பழமும் காயும் கிழங்கும், அவற்றொடு சேர்ந்த தானியமும் பருப்புமே; கடையில் அடுக்கி வைத்திருக்கும் டப்பா மாவு அன்று. ஆயினும் நம் வீடுகளிற் குழந்தைக்கென்று ஆக்கப்படுவது பலவிடத்தும் உணவென்னும் பெயர்க்குத் தகாத வெறு நீராகவே இருக்கின்றது. அந்நீரை மாற்றாமல் டப்பாவை மட்டும் பழித்துரைப்பதனால் ஒரு குழந்தைக்கும் பயன் விளையாது.

ஆறு திங்கள் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. அதன் பின்னும் இரண்டாண்டு வரையிலும் அதற்கு மேலும் பாலூட்டல் தொடர்தல் நன்று. ஆனால் ஆறாந் திங்களுக்குமேல் பால் மட்டும் போதாது. வளரும் உடல் கேட்கும் ஆற்றல் பால் தரும் ஆற்றலைக் கடந்து செல்கின்றது. அன்றியும், கருவில் இருக்கும்பொழுதே தாயிடமிருந்து பெற்றுச் சேமித்து வைத்த இரும்புச்சத்து ஏறக்குறைய அக்காலத்திலேதான் தீர்ந்துபோகின்றது. தாய்ப்பாலிலோ இரும்பு மிகக் குறைவு. 2019–21 ஆண்டுகளில் நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு நிறையாத குழந்தைகளுள் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகை உடையவர். மூவருள் இருவர்! நாம் கொஞ்சி மகிழும் குழந்தைகளைத்தாம் இக்கணக்குக் குறிக்கின்றது.

இனி அளவைக் காண்போம். தாய்ப்பாலுக்கு மேற்பட, ஆறு முதல் எட்டுத் திங்கள் வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொன்று வரை 300 கலோரியும், அதன்மேல் இரண்டாண்டு நிறையும் வரை 550 கலோரியும் வேண்டும் என்பர். இவை பெருந்தொகை அல்லவே என்று தோன்றும். ஆனால் இரைப்பையை நோக்குக. எடையிற் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் அளவே அது கொள்ளும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 240 மில்லிலிட்டர். ஒரு தம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம். அதனுட் பாலும் செல்ல வேண்டும், உணவும் செல்ல வேண்டும். அவ்விடத்தை நீரால் நிரப்பிவிட்டால் உணவுக்கு இடம் ஏது?

நம் வீடுகளில் நடப்பதோ அதுவே. சோறு வடித்த கஞ்சி, பருப்பின்மேல் தெளிந்து நிற்கும் நீர், மாதுளை பிழிந்த சாறு, கேரட்டை வேகவைத்துக் கேரட்டை எறிந்துவிட்டு எடுத்த தண்ணீர் ஆகிய இவையே ‘பிள்ளைக்கு ஏற்றவை’ என்று கொள்ளப்படுகின்றன. சத்தெல்லாம் நீரில் இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. சில இறங்கும், பல இறங்கா. பருப்பின் புரதம் பருப்பிலேதான் இருக்கும். கேரட்டில் இருந்து ‘ஏ’ என்னும் உயிர்ச்சத்தாக மாறும் அந்தச் செந்நிறப் பொருள் கொழுப்பிற் கரைவதன்றி நீரிற் கரைவதன்று. எறிந்த கேரட்டோடு அதுவும் குப்பைக்கே போகின்றது.

என் தமக்கையின் மகளுக்கு எட்டுத் திங்கள் நிறைந்தபோது நான் விடுமுறைக்கு வீடு சென்றிருந்தேன். ஆறாந் திங்களில் இருந்த எடையே அப்பொழுதும் இருந்தது. வீட்டில் உணவுக்குக் குறைவில்லை, அன்புக்கோ அளவில்லை, நாளைக்கு நான்கு முறை ஏதேனும் ஒன்று குழந்தையின் வாயில் ஊற்றப்பட்டது. ஊற்றப்பட்டது என்னும் சொல்லைத் தெரிந்தே இடுகின்றேன். பாலாடையால் ஊற்றத்தக்கதாகவே அவையெல்லாம் இருந்தன. எடை பார்க்க வந்த சுகாதாரச் செவிலியர் ஒருவர் கிண்ணத்தில் ஒரு கரண்டியை இட்டு எடுத்துச் சாய்த்துக் காட்டினார். கரண்டியில் இருந்தது ஒரு நொடியில் வடிந்துபோயிற்று. “இது கரண்டியை விட்டு இறங்க மனமில்லாமல் நிற்க வேண்டும்” என்றார். பாட்டியார்க்கு அது பிடிக்கவில்லை. “கட்டியாகக் கொடுத்தால் பிள்ளைக்குச் செரிக்காது, மக்களே” என்று என்னிடம் முறையிட்டார். அவர் அச்சம் பொய்யச்சமன்று. தம் இளமையிற் கழிச்சலாற் குழந்தைகள் மடிந்ததைக் கண்டவர். எனினும், செவிலியர் சொன்னபடியே நடந்தது. குழைத்த சோறும் பருப்பும் பூசணியும் சிறிது நெய்யும் கரண்டியில் நின்றன; அடுத்த திங்களில் எடை ஏறியது.

இதிலிருந்து, பழமும் காயும் மட்டுமே போதும் என்று கொள்ளற்க. அதுவும் ஒரு பிழையே. படித்தவரிடத்து மிகுதியாகக் காணப்படுவது. நூறு கிராம் பப்பாளியில் ஏறத்தாழ 40 கலோரி உள்ளது. 200 கலோரியையும் பப்பாளியாலேயே தர வேண்டின் அரைக்கிலோ ஊட்ட வேண்டும். பூசணியானால் முக்காற் கிலோவுக்கும் மேல். வாழைப்பழமோ நூறு கிராமுக்கு 90 கலோரியை எட்டி, பழங்களுள் ஓரளவு சோற்றின் தொழிலைச் செய்கின்றது. ஆதலால், ஆற்றலுக்குத் தானியமும் கிழங்கும், தசைக்குப் பருப்பு, கொழுப்புக்கு ஒரு சிறு கரண்டி நெய்யோ எண்ணெயோ வேண்டும். அவ்வாறாயின் பழத்துக்கும் காய்க்கும் உரிய தொழில் யாது? கேழ்வரகிலும் பருப்பிலும் கீரையிலும் இரும்பு இருக்கின்றது. ஆனால் அத்தானியங்களிலேயே உள்ள பைட்டேட்டு என்னும் பொருள் அதனைக் குடலுக்குள் எளிதிற் புகவிடுவதில்லை. அவ்வேளையிலேயே ‘சி’ என்னும் உயிர்ச்சத்து உடன்சென்றால் இரும்பு மிகுதியாக உட்கொள்ளப்படுகின்றது. கொய்யா, நெல்லி, ஆரஞ்சு, எலுமிச்சை, பப்பாளி ஆகியவை அவ்வுயிர்ச்சத்தை உடையவை. காலையிற் கேழ்வரகும் மாலையிற் பப்பாளியும் என்று பிரித்துக் கொடுப்பதினும், கேழ்வரகுக் கூழ் உண்டவுடன் நான்கு கரண்டி பப்பாளி கொடுப்பதே சிறந்தது. செலவு ஒன்றே, பயன் வேறு.

ஆக்கும் முறையைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் சத்து அழிவது பெரும்பாலும் ஆக்குமிடத்தேதான். காயை மிகுந்த நீரில் நெடுநேரம் கொதிக்கவிட்டு நீரைக் கொட்டினால், ‘சி’ உயிர்ச்சத்திற் பெரும்பகுதி கொதியிலும் கொட்டிய நீரிலும் போய்விடும். ஆவியில் வேகவைத்தலே தக்கது. அதற்கு வேண்டிய கருவி தமிழர் வீட்டில் இல்லாமற் போனதில்லை. இட்டலிப் பானையே போதும். பூசணி, கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைத் துண்டாக்கி, ஒரு சிறு கிண்ணத்திலிட்டுத் தட்டின்மேல் வைத்தால், கத்தி முனை தடையின்றி இறங்கும் பதத்தில் வெந்திருக்கும். அவற்றைக் கரண்டியின் பின்புறத்தால் மசித்து, தொடக்க நாளில் வடிகட்டியில் ஒருமுறை தேய்த்துக்கொள்ளலாம். எங்கள் நாஞ்சில் நாட்டில் ஏத்தன் எனப்படும் நேந்திரம்பழத்தைத் தோலோடு அவித்து, நடுவிலுள்ள கருவிதைகளை நீக்கி மசித்தால் அதற்கு நிகரான முதற் கவளம் வேறில்லை என்பது என் துணிபு. பிற மாவட்டத்தார் மறுப்பாராயின் மறுக்கட்டும். நன்கு கனிந்த மாம்பழம், சப்போட்டா, பூவன் வாழை ஆகியவற்றுக்கு அடுப்பும் வேண்டுவதில்லை. முருங்கைக்கீரையை உருவி, பருப்பு வேகும்பொழுதே அதனுள் இட்டு, உடன் மசித்துவிட வேண்டும்.

கூழ் கெட்டியானால் குழந்தை விழுங்க இடர்ப்படுமே என்பார்க்கு ஒரு வழி உண்டு. கேழ்வரகை நனைத்து முளைகட்டி உலர்த்தி அரைத்த மாவிற் சிறிதளவு சூடான கெட்டிக் கூழில் இட்டுக் கலக்கினால், முளையிற் பிறந்த நொதி மாப்பொருளை உடைத்து, நீர் சேர்க்காமலே கூழை நெகிழச் செய்யும். சத்துக் குறையாது, பதம் மட்டும் இளகும். கலக்கியபின் அதனை மறுபடியும் ஒரு கொதி கொதிக்கவிடுதல் நலம். நம் முன்னோர் முளைகட்டிய மாவைப் போற்றியதன் பொருள் இதுவாகவும் இருக்கலாம்.

மிக்சியைப்பற்றி ஒன்று கூறுவேன். அது நல்ல கருவி. ஆயினும் எதையும் நீராக்கிவிடும் ஆசையை அது நமக்கு ஊட்டுகின்றது. எட்டாந் திங்களில் சிறு சிறு மெல்லிய கட்டிகள் இருத்தல் வேண்டும். பத்துத் திங்கள் கடந்தும் வழவழப்பான கூழையே உண்டு பழகிய குழந்தை பின்னர்ச் சோற்றுப் பருக்கையைக் கண்டால் குமட்டுகின்றது. அதனைத் திருத்துவது எளிதன்று.

நிற்க. டப்பாவின் வரலாறும் அறியத்தக்கதே. 1867-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டிலிருந்த ஆன்றி நெஸ்லே என்பார் பாலும் கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் குழந்தை மாவு ஒன்றை விற்கத் தொடங்கினார். பழமும் காயும் டப்பாவுக்குட் புகுந்தது பின்னர்தான். அக்காலத்து மேனாட்டு மருத்துவர் பலர் ஓராண்டு நிறையுமுன் காய்கறி கூடாது என்று கருதினர். எங்கள் பாட்டியார் தனித்தவர் அல்லர். 1920-க்குப் பின் அக்கருத்து மாறியது. 1927-இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பிரிமாண்ட் என்னும் சிற்றூரில், டாரதி ஜெர்பர் என்னும் அம்மையார் தம் பெண்குழந்தைக்கென்று நாள்தோறும் பட்டாணியை வேகவைத்துச் சல்லடையில் தேய்த்து அலுத்துப்போய், தம் கணவர் குடும்பத்தாரின் டப்பா ஆலையிலேயே இதனைச் செய்தாலென்ன என்று கேட்டார் என அந்நிறுவனத்தார் கூறுவர். மறுவருடமே பட்டாணி, கேரட், கீரை முதலியவற்றின் மசியல் கடைக்கு வந்தது. ஆகவே ஆலை செய்தது புதுமையன்று. ஓர் அடுக்களைச் சல்லடையின் தொழிலையே அது பெரிதாக்கிக்கொண்டது. அச்சல்லடை இன்றும் நம் வீட்டு ஆணியில் தொங்குகின்றது.

ஏழைகள் வாழும் நாடுகளில் இவ்வாணிகம் செய்த தீங்கு மிகப் பெரிது. 1939-இல் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் சிங்கப்பூரில் ரோட்டரிச் சங்கத்தாரிடையே ‘பாலும் கொலையும்’ என்று பொருள்படும் தலைப்பிட்டு உரையாற்றி, தாய்ப்பாலை விடுத்து டப்பாப் பாலை ஊட்டச் செய்யும் விளம்பரத்தைக் கொலையென்றே சாடினார். அதனை உலகம் ஏற்று, குழந்தைப் பால் வாணிகத்துக்கு ஒரு நெறிமுறை வகுக்க 1981 வரை ஆயிற்று. நம் நாட்டிற் சட்டம் 1992-இல் வந்தது. 2003-இல் திருத்தப்பட்டு, இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவுகளையும் விளம்பரம் செய்தலாகாது என்றாயிற்று. சட்டம் விளம்பரத்தைத் தடுத்தது, உறவினரைத் தடுக்கவில்லை. பிள்ளை பார்க்க வருவோர் கையில் இன்றும் அந்த டப்பாவே வருகின்றது, ஒரு மரியாதைப் பொருளாக. ஒரு சீப்புப் பழம் கொண்டுவந்தால் குறைவு என்று எண்ணுகின்றார்களோ, அறியேன்.

2024 ஏப்ரலில், சுவிட்சர்லாந்தின் ‘பப்ளிக் ஐ’ என்னும் அமைப்பினர், உலகப் புகழ்பெற்ற ஒரு நிறுவனம் இந்தியாவில் விற்கும் குழந்தை மாவில் வேளையொன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 3 கிராம் சர்க்கரை சேர்த்திருந்ததையும், ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அதே பெயரில் விற்கும் மாவிற் சேர்க்கவில்லை என்பதையும் வெளிப்படுத்தினர். பின்னர் அந்நிறுவனம் சர்க்கரை சேர்க்காத வகைகளையும் இங்கே விற்பதாக அறிவித்தது. அறிவித்தது நன்றே. ஆனால் நம் குழந்தையின் நாக்குக்கு எவ்வளவு இனிப்பு என்பதை எங்கோ இருக்கும் ஓர் ஆலை முடிவு செய்துகொண்டிருந்தது என்பதே என் நெஞ்சை உறுத்துகின்றது. வீட்டு மசியலில் அம்முடிவு நம்முடையது. ஓராண்டு நிறையும் வரை உப்பும் சர்க்கரையும் சேர்க்க வேண்டுவதில்லை. பழத்தின் இனிப்பே குழந்தைக்கு மிகுதி. பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தேன் ஓராண்டு நிறையாத குழந்தைக்கு ஆகவே ஆகாது. அதிலுள்ள நுண்ணுயிரின் வித்து அக்குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை விளைவிக்கக்கூடும்.

டப்பாவின் பக்கத்து நியாயத்தையும் மறைத்தலாகாது. அதில் இரும்புச்சத்து அளந்து சேர்க்கப்பட்டுள்ளது. எத்துணைக் கரண்டிக்கு எத்துணை நீர் என்பது அச்சிட்டிருக்கின்றது. வேலைக்குச் செல்லும் தாய்க்கு விரைவில் கலந்து கொடுக்கவும் ஆகின்றது. வீட்டு உணவை ஆக்குவோர் கை கழுவாமல், நேற்றைய மசியலை இன்று சூடாக்கி ஊட்டினால், டப்பாவே அதனினும் நன்று என்பேன். நம் வெப்ப நாட்டிற் சமைத்த குழந்தையுணவு இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருத்தலாகாது. மேலும், இரும்பைப் பொறுத்தவரை காயும் கனியும் தனித்து வெல்லா. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட நெறிமுறை, பழத்தையும் காயையும் நாள்தோறும் கொடுக்கச் சொல்வதோடு, இறைச்சி, மீன், முட்டை இவற்றையும் நாள்தோறும் கொடுக்கச் சொல்கின்றது. ஊன் உண்ணும் வீட்டிலும், பெரியோர் மீன் உண்ண, குழந்தைக்குக் குழம்பு நீர் மட்டும் விடுவதைக் கண்டிருக்கின்றேன். முள் களைந்து மசித்த ஒரு துண்டு மீன் அக்குழந்தைக்கன்றோ முதலில் உரியது? ஊன் உண்ணாதார் பயற்றையும் கீரையையும் முன் கூறியவாறு பழத்தொடு சேர்த்துப் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

அளவே டப்பாவின் வலிமை. அளவின்மையே நம் அடுக்களையின் குறை. அக்குறையை நீக்குதல் எவர் கடன்? ‘தாயின் கடன்’ என்று விடை கூறுவது எளிது. மேடையேறிப் பேசுவோர் எல்லாரும் அவ்வாறே கூறுகின்றனர். தாயின் கைப்பக்குவம், தாயன்பு என்று வீட்டுணவைப் போற்றுவோர், பெரும்பாலும் ஒரு கேரட்டையும் மசித்திராத ஆடவராகவே இருக்கின்றனர். பகல் முழுதும் வயலிலோ அலுவலகத்திலோ உழைத்து வரும் ஒருத்தியிடம், ‘டப்பாவை எடுத்தால் உன் அன்பு குறைவு’ என்று சொல்வதினும் பெரிய கொடுமை இல்லை. காய் மசிப்பதற்கு ஆணின் கை ஆகாது என்று எந்த மருத்துவ நூலும் கூறவில்லை. தந்தையும் மாமனும் அண்ணனும் அறிந்திருக்க வேண்டிய தொழிலே இது. தொல்காப்பிய நூற்பாவுக்கு உரையாசிரியர் இருவர் கொண்ட வேறுபாட்டைத் தாளிற் பிரித்துக் காட்டும் நமக்கு, ஒரு கிண்ணத்தில் எத்தனை கலோரி நிற்கும் என்று கணக்கிடுவது அரிதா? நம் ஊர்களில் அங்கன்வாடி உண்டு. அங்கே சத்துமாவு தருகின்றனர். அதனை வீட்டிலுள்ள பழத்தொடு எவ்வாறு சேர்ப்பது என்று அயல்வீட்டார்க்குச் செய்து காட்டவும் நம்மால் இயலும். நாட்டு நலப்பணி முகாமுக்குச் செல்லும் நம் மாணவர் சாலை கூட்டுவதோடு இதனையும் ஒரு பிற்பகல் செய்யலாம் என்பது என் விண்ணப்பம்.

நேரமில்லை என்னும் மறுமொழி ஒன்று எஞ்சியுள்ளது. அதனை நானே சோதித்துப் பார்த்தேன். காலையில் வீட்டார்க்கு இட்டலி ஊற்றும்பொழுது, மேல் தட்டில் இரண்டு குழியை ஒழித்து, அங்கே பூசணித் துண்டுகள் இட்ட ஒரு சிறு வெள்ளிக் கிண்ணத்தை வைத்தேன். இட்டலி வெந்து இறக்கியபோது பூசணி இன்னும் சற்று நிற்க வேண்டியிருந்தது; அடுத்த ஈட்டோடு அதுவும் வெந்தது. பருப்பும் சோறும் வீட்டார்க்கு ஆக்கியவற்றிலேயே உப்பிடுவதற்குமுன் எடுத்துக்கொண்டது. மசித்து நெய்யிட்டு ஆறவைக்க ஐந்து நிமிடம் சென்றது. முதல் வாயை என் மருமகள் துப்பிவிட்டாள். இரண்டாவதை என் சட்டையில் தேய்த்தாள். புதிய சுவையைக் குழந்தை ஏற்க எட்டுப் பத்து முறை கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பர். நான்காம் நாள் கிண்ணத்துக்குள் கையை விட்டு அவளே எடுத்து உண்டாள்.